கை அறியும் வழி

எழுத்தறிவித்தலைத் தொழிலாகக் கொண்டோர் இரு வகையினர். மாணவன் எழுதி முடித்த எழுத்தை மட்டும் பார்ப்போர் ஒரு வகை. அவன் எழுதுகையில் அவனது கையைப் பார்ப்போர் மற்றொரு வகை. முன்னவர்க்கு எழுத்து ஓர் உருவம். பின்னவர்க்கோ அது ஒரு செயல். முப்பதாண்டுகளுக்கு மேலாக மதரஸாவில் அரபு எழுத்துகளையும் தமிழ் எழுத்துகளையும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்த நாம் இவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தோம். ஆயினும் இதனையே ஒரு கலையாகவும் சட்டமாகவும் அன்றாடப் பழக்கமாகவும் வளர்த்து வைத்துள்ள ஓர் எழுத்து முறையை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நமக்குக் கிட்டியது. சீன எழுத்துகளை எழுதும் முறையைப் பற்றியே இங்குக் கூற முற்படுகிறோம்.

நம் மகள் பினாங்கில் குடும்பத்துடன் வாழ்கிறாள். அவளுடைய மகன் அங்குள்ள சீனமொழித் தொடக்கப் பள்ளியொன்றில் படிக்கிறான். தமிழிலும் சீனத்திலும் பாடம் பயிற்றும் தொடக்கப் பள்ளிகள் மலேசிய நாட்டின் கல்வி அமைப்பிலேயே இடம் பெற்றவை. சீனப் பள்ளிகளில் மலாய்ப் பிள்ளைகளும் நம்மவர் பிள்ளைகளும் சேர்ந்து பயில்வது இன்று புதுமையன்று. ஆனால் நம் மகளுக்கோ மருமகனுக்கோ அம்மொழி தெரியாது. மாலை வேளையில் வீட்டுப் பாடத்தோடு அமரும் பிள்ளைக்கு அருகில் அமர ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஓய்வாகச் சென்றிருந்த நமக்கு அப்பணி வாய்த்தது. தெரியாத பாடத்தில் ஒரு பிள்ளைக்குத் துணையாக இருக்க வேண்டுமாயின் அவனோடு சேர்ந்து கற்பதைத் தவிர வேறு வழி ஏது? நமக்கென ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வாங்கிக் கொண்டோம்.

அக்குறிப்பேட்டின் பக்கங்கள் கோடிட்டவை அல்ல. சதுரக் கட்டங்களால் ஆனவை. ஒவ்வொரு சதுரத்தையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இரு புள்ளிக் கோடுகள் நான்காகப் பகுக்கின்றன. சீன மொழியில் வயலைக் குறிக்கும் எழுத்தும் நான்காகப் பகுத்த சதுரமாகவே இருப்பதால் இதற்கு வயற்கட்டம் என்று பெயர். மூலைக்கு மூலை செல்லும் கோடுகளும் சேர்ந்திருந்தால் அது அரிசிக் கட்டம். அரிசிக்குரிய எழுத்து அக்கோடுகளின் அமைப்பை ஒத்தது. வயலிலும் அரிசியிலும் தொடங்கும் எழுத்துப் பயிற்சி தஞ்சை மண்ணில் பிறந்த நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஒரே கோட்டால் ஆன எழுத்தாயினும் இருபது கோடுகளால் ஆன எழுத்தாயினும் அது அந்த ஒரு சதுரத்திற்குள்ளேயே நிறைவாக அமைந்தாக வேண்டும் என்பது முதற்பாடம்.

தூரிகையோ எழுதுகோலோ தாளில் படிந்தது முதல் எடுக்கப்படும்வரை செல்லும் ஓட்டத்தை நாம் இங்குக் 'கீற்று' என்போம். இடமிருந்து வலமாகச் செல்லும் கிடைக்கீற்றுக்கு 'ஹெங்' என்று பெயர். மேலிருந்து இறங்குவது 'ஷூ'. இடப்புறமாகச் சாய்ந்து விழுவது 'பியே'. வலப்புறமாகச் சாய்ந்து விழுவது 'நா'. புள்ளி 'தியேன்'. இவற்றோடு மேல்நோக்கி எழும் கீற்றும், கொக்கியும், திருப்பமும் உள்ளன. ஆயிரக்கணக்கான எழுத்துகளும் இச்சிலவற்றின் சேர்க்கையே. எந்தக் கீற்று முதலில், எது அடுத்து, எது கடைசி என்பதே கீற்று வரிசை. சீனர் அதனை 'பிஷுன்' என்பர்.

விதிகள் மிகவும் எளியவை. மேலுள்ளதை முதலிலும் கீழுள்ளதைப் பின்னரும் எழுத வேண்டும். மூன்று என்னும் எண்ணின் மூன்று கிடைக்கீற்றுகள் மேலிருந்தே தொடங்கும். இடப்புறம் உள்ளது முந்தும், வலப்புறம் உள்ளது பிந்தும். கிடைக்கீற்றும் நெடுக்கீற்றும் வெட்டிக்கொள்ளுமிடத்தில் கிடைக்கீற்றே முதல். கூட்டல் குறி போன்றிருக்கும் பத்து என்னும் எழுத்து இதற்குச் சான்று. மனிதனைக் குறிக்கும் எழுத்து இரு கால்களை அகட்டி நிற்பவனைப் போன்றது. அதில் இடக்கால் முதலில் விழும், வலக்கால் பின்னர் விழும். சிறியது என்பதற்குரிய எழுத்தில் நடுக்கீற்றை முதலில் நிறுத்தி, பின்னரே இருபுறமும் புள்ளிகளை வைக்க வேண்டும்.

சூழ்ந்து நிற்கும் வேலியுடைய எழுத்துகளுக்கு உரிய விதிதான் நம் மனத்தைக் கவர்ந்தது. நாடு என்பதற்குரிய எழுத்தைச் சுருக்க வடிவில் எட்டுக் கீற்றுகளால் எழுதுவர். ஒரு சதுர வேலி; அதனுள்ளே பச்சைக்கல்லைக் குறிக்கும் எழுத்து. இடச்சுவரை இறக்கி, மேற்சுவரையும் வலச்சுவரையும் கையெடாமல் ஒரே திருப்பத்தில் எழுதி, உள்ளிருப்பதை முழுவதும் எழுதிய பின்னரே அடிச்சுவரை இட வேண்டும். வேலியை முழுவதும் போட்டுவிட்டு உள்ளே எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று பேரனிடம் வினவினோம். அவன் வியப்போடு நம்மை நோக்கிக் கூறினான்: "நன்னா, கதவைச் சாத்திட்டா ஆள் எப்படி உள்ளே போவாங்க?"

அது அவனது சொந்தக் கற்பனை அன்று. முதலில் ஆள் உள்ளே செல்லட்டும், பிறகு கதவை மூடு என்பது சீனப் பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லிக் கொடுக்கப்படும் வாய்பாடு. அங்கு எழுத்தை வாயால் சொல்லியும் விரலால் காற்றில் எழுதியும் பழக்குகின்றனர். வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஆட்காட்டி விரலை உயர்த்தி, கீற்றுகளின் பெயரை ஒரே குரலில் உரைத்தவாறு வெளியில் எழுதுவர். ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் சொற்கள் அம்மொழியில் மிகுதி. ஆகவே பேச்சின் நடுவே இன்ன எழுத்து என்று விளக்க நேர்ந்தால் பெரியவர்களும் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவர். மையும் இல்லை, தாளும் இல்லை. எதிரில் இருப்பவர் விரல் செல்லும் வழியைக் கொண்டே எழுத்தை உணர்ந்து கொள்கிறார். ஆளுக்கொரு வரிசையில் எழுதுவதாக இருந்தால் இவ்வுரையாடல் எளிதில் கூடுமா என்று சிந்தித்தபோது, வரிசை என்பது ஆசிரியர் விதித்த வெறுங் கட்டுப்பாடு அன்று என்பது நமக்கு விளங்கலாயிற்று.

அரபு எழுத்தில் பழகிய நம் கை இதனை ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடித்தன. வலமிருந்து இடமாக ஓடுவது அரபு. இடமிருந்து வலமாக ஓடுவது தமிழ். சீனத்தின் பழைய நூல்களிலோ எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கும். பத்திகள் வலமிருந்து இடமாக நகரும். ஆகவே அந்நூல்களும் நம் அரபு நூல்களைப் போலவே வலப்பக்கத்தில் திறப்பவை. இன்றைய சீனப் பாடநூல்கள் இடமிருந்து வலமாகச் செல்கின்றன. ஆனால் வரி எத்திசையில் சென்றாலும் எழுத்துக்குள்ளே கை செல்லும் திசை மாறுவதில்லை.

வேற்றுமைகளுக்கு நடுவே ஓர் ஒற்றுமையையும் கண்டோம். மக்தபில் ஓதிய எவரும் 'பே', 'தே', 'ஸே' ஆகிய மூன்று எழுத்துகளை மறந்திருக்க மாட்டார். ஒரே படகு வடிவம். புள்ளியின் இடமும் எண்ணிக்கையுமே எழுத்தை வேறாக்குகின்றன. சீனத்திலும் பெரியது என்பதற்கு ஓர் எழுத்து உண்டு. கைகளை விரித்து நிற்கும் மனிதனைப் போன்றது. அதன் கால்களுக்கிடையே ஒரு புள்ளி வைத்தால் 'மிகவும்' என்றாகும். அப்புள்ளியையே வலப்புறம் மேலே வைத்தால் நாய் என்றாகிவிடும். எங்கே வைத்தாலும் புள்ளி கடைசியில்தான் வரும். அரபுச் சொல்லிலும் உடலை முழுவதும் ஓடவிட்ட பின்னரே நுக்தாக்களை இட்டு, அதன் பின்னர் ஜபர், ஜேர், பேஷ் குறிகளை இடுகிறோம். ஒன்றையொன்று அறியாத இரு எழுத்து மரபுகள், உடலை நிறுத்திய பின்னரே பொருளை வேறாக்கும் புள்ளியை வைக்க வேண்டும் என்று கைக்குப் பணித்திருப்பது எண்ணுந்தோறும் இன்பம் தருகிறது.

விதிக்கு விலக்குகளும் உண்டு. நீரைக் குறிக்கும் எழுத்து நடுக்கீற்றில் தொடங்கும். நெருப்பைக் குறிக்கும் எழுத்தோ இருபக்கத்துப் பொறிகளை முதலில் வைத்து, நடுவிலுள்ள மனித வடிவைப் பின்னர் எழுதும். வழி என்பதற்குரிய எழுத்தில் தலையைக் குறிக்கும் பகுதியை முதலில் எழுதி, கீழே நீண்டு செல்லும் நடைக்கீற்றைக் கடைசியில் இடுவர். எழுதல் என்பதற்குரிய எழுத்திலோ இடப்புறத்திலுள்ள நடைப்பகுதியே முதலில் வரும். இவற்றையெல்லாம் ஏன் என்று கேட்பதைவிட எழுதிப் பார்ப்பதே தெளிவு தரும். நெருப்பில் இரு பொறிகளையும் வைத்த பிறகு நடுவிலுள்ள இடச்சாய்வையும் வலச்சாய்வையும் இழுக்கையில், இரண்டுக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்பது கைக்குத் தானே தெரிந்து விடுகிறது.

வரிசையின் காரணம் தூரிகையில் இருக்கிறது. மை தோய்ந்த தூரிகையை வலக்கையில் பற்றி மேலிருந்து கீழாக எழுதிச் சென்ற மக்கள், கை குறைந்த தொலைவு நகரவும், ஈர மையின் மீது கை படாதிருக்கவும், ஒரு கீற்றின் முடிவு அடுத்த கீற்றின் தொடக்கத்திற்கு அருகில் அமையவும் பல நூற்றாண்டுகளில் கண்ட வழி இது. விரைந்து எழுதும்போது இதன் பயன் வெளிப்படுகிறது. சீனத்தில் செவ்வெழுத்து, ஓட்ட எழுத்து, புல்லெழுத்து என்று நடைகள் பலவுண்டு. புல்லெழுத்தில் கீற்றுகள் ஒன்றோடொன்று கலந்து, ஓர் எழுத்து முழுவதும் ஒரே சுழிப்பாகி விடும். அச்சுழிப்பைப் படிப்பவர் கை எவ்வழியே சென்றிருக்கும் என்பதைத் தம் கையால் அறிந்திருந்தால்தான் எழுத்தை மீட்டெடுக்க இயலும். தூரிகை ஒரு கீற்றிலிருந்து அடுத்த கீற்றுக்குத் தாவுகையில் விட்டுச் செல்லும் நூலிழை போன்ற மைத்தடமும் அவ்வழியைக் காட்டும். பென்சிலால் மெல்ல எழுதிய எழுத்தில் மறைந்து கிடக்கும் வரிசை, தூரிகையால் விரைந்து எழுதிய எழுத்தில் வெளிப்பட்டு நிற்கிறது.

எழுத்துக் கலை பயில்வோர்க்கு 'யோங்' என்னும் ஓர் எழுத்தை முதலில் தருவது அங்குள்ள மரபு. 'என்றென்றும்' என்பது அதன் பொருள். இன்றைய கணக்கில் ஐந்து கீற்றுகளே கொண்ட அவ்வெழுத்தில் அடிப்படையான எட்டு அசைவுகளும் அடங்கியுள்ளன என்பர். அதனை முறையாக எழுதப் பழகிய கைக்கு மற்ற எழுத்துகள் வசப்படும் என்பது நம்பிக்கை. சீனர் தம் எழுத்துக் கலையின் உச்சமாகப் போற்றும் வாங் சீஜி கி.பி. 353ஆம் ஆண்டில் எழுதிய 'லான்டிங் முன்னுரை' இவ்வெழுத்தைக் கொண்டே தொடங்குகிறது. அதன் மூலப்படி இன்று இல்லை. தாங் அரசர் காலத்துப் படிகளே நிலைத்துள்ளன. அதில் ஒரே எழுத்து ஏறத்தாழ இருபது இடங்களில் வருவதாகவும், ஓரிடத்திற்போல் மற்றோரிடத்தில் அமையவில்லை என்றும் வியந்து கூறுவர். நம் அரபு எழுத்துக் கலைக்கு, கி.பி. 940இல் பக்தாதில் மறைந்த இப்னு முக்லா எழுத்தின் அளவைப் புள்ளியைக் கொண்டு வரையறுத்துத் தந்ததை இங்கு நினைத்துக் கொண்டோம். ஒருவர் அளவை வரையறுத்தார். மற்றவரோ ஒரே எழுத்தை இருபது முறை எழுதி இருபது அழகு காட்டினார். இரண்டும் ஆசிரியரின் கையைப் பார்த்து மாணவரின் கை கற்றதனாலேயே நம் காலம்வரை வந்து சேர்ந்துள்ளன.

இவ்வரிசை அரசின் ஆணையாகவும் ஆகியுள்ளது. சீன அரசின் மொழித் துறையினர் 1997ஆம் ஆண்டில் ஏழாயிரம் எழுத்துகளுக்குக் கீற்று வரிசையை வரையறுத்து வெளியிட்டனர். 2013இல் வெளிவந்த பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இடம் பெற்றன. அவையனைத்திற்கும் உரிய வரிசையை 2020இல் வகுத்து, 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தினர். இதன் பயன் பள்ளியோடு நிற்பதன்று. அகரவரிசை இல்லாத மொழியில் அகராதியையும் பெயர்ப்பட்டியலையும் எவ்வாறு அமைப்பது? 1716இல் முடிவுற்ற காங்ஷீ பேரகராதி நாற்பத்தேழாயிரத்திற்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்பகுதிகளின்கீழ்ப் பிரித்து, கீற்றுகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தியது. இன்றும் அந்நாட்டில் முக்கியமான பெயர்ப்பட்டியல்களைக் குடும்பப் பெயரின் கீற்று எண்ணிக்கையால் அடுக்குவர். எண்ணிக்கை ஒத்திருப்பின், முதற்கீற்று கிடையா, நெடிலா, சாய்வா, புள்ளியா, திருப்பமா என்று பார்ப்பர். நமக்கு அகரம் முந்துவது போல அவர்க்குக் கிடைக்கீற்று முந்துகிறது.

அவ்வாறாயின் சரியான வரிசை உலகெங்கும் ஒன்றேயா எனில், இல்லை. சீன எழுத்துகளைத் தம்முடையனவாகக் கொண்ட ஜப்பானியர் சிலவற்றை வேறு வரிசையில் எழுதுகின்றனர். வயலுக்குரிய எழுத்தில் வேலிக்குள்ளே சீனர் கிடைவரப்பை முதலில் இடுவர். ஜப்பானியர் நெடுவரப்பை முதலில் இடுவர். இடம், வலம் என்னும் இரு எழுத்துகளையும் சீனர் கிடைக்கீற்றில் தொடங்குவர். ஜப்பானியரோ இடத்தைக் கிடைக்கீற்றிலும் வலத்தைச் சாய்கீற்றிலும் தொடங்குவர். தைவானிலும் கல்வி அமைச்சகம் தனியொரு கையேட்டை 1996இல் வெளியிட்டுள்ளது. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 1958இல் வெளியிட்ட கையேடோ, தான் காட்டும் வரிசையே கற்பித்தலுக்கு உரியது என்று கொண்ட போதிலும், வழக்கிலுள்ள பிற வரிசைகளைப் பிழையென்று தள்ளவில்லை என்பதையும் கூறிவிட்டது.

இது நமக்குப் புதிய செய்தியன்று. மொராக்கோ முதலிய மேற்குத் திசை நாடுகளில் 'ஃபே'க்குப் புள்ளியைக் கீழே வைப்பதும், 'காஃப்' எழுத்துக்கு மேலே ஒரே புள்ளி வைப்பதும் வழக்கம். அவர்கள் எழுதியதை நாம் பிழை எனலாமா? நாம் எழுதுவதை அவர்கள்தாம் பிழை எனலாமா? எனினும் ஒரே மாணவன் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக எழுதினால் அவன் எழுத்து எவர்க்கும் பயன்படாது. பல முறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கைப்பிடித்துத் தருவது ஒரு முறையாகவே இருத்தல் வேண்டும். பிற முறைகளும் உண்டு என்னும் அறிவு முதிர்ந்த பின்னர் வரலாம்.

ஒரு நாள் நம் மருமகன் கடையிலிருந்து திரும்பியபோது, பையன் ஒரே எழுத்தைப் பத்து முறை எழுதிக் கொண்டிருப்பதைப் பார்த்தார். "மாமா, கடைசியில் எழுத்து சரியாக வந்தால் போதாதா? எதை முதலில் போட்டான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நாளைக்கு எல்லாம் கைப்பேசியில்தானே எழுதப் போகிறான்?" என்று கேட்டார். பகல் முழுதும் உழைத்து வந்து, மகன் உறக்கத்தைக் கெடுத்துக் கொள்வதைக் காணும் தந்தையின் கேள்வி அது. அதில் நியாயம் உண்டு. ஆகவே உடனே மறுமொழி கூறாது பல நாள் சிந்தித்தோம்.

கைப்பேசி பற்றி அவர் கூறியது மெய்யே. 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட ஒலிபெயர்ப்பு முறையைக் கொண்டு, சொல்லின் ஒலியை இலத்தீன் எழுத்துகளால் தட்டினால் அவ்வொலிக்குரிய எழுத்துகள் வரிசையாகத் திரையில் தோன்றும். வேண்டியதைத் தொட்டால் போதும். எழுத்தை அடையாளம் காணத் தெரிந்தால் போதும், எழுதத் தெரிய வேண்டியதில்லை. இதன் விளைவாக, பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்துபோதல் என்னும் பொருளில் நான்கெழுத்துத் தொடரொன்று அம்மக்களிடையே பெரிதும் வழங்கி வருகிறது. 2013இல் சீன மத்தியத் தொலைக்காட்சி, சொல்லைச் செவியால் கேட்டுக் கையால் எழுதும் போட்டியொன்றைப் பிள்ளைகளுக்கு நடத்தியது. அங்கு அமர்ந்திருந்த பெரியவர்களையும் எழுதச் சொன்னபோது, தேரையைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல்லை அவர்களில் பெரும்பாலோரால் எழுத இயலவில்லை. அவர்கள் கல்லாதவர் அல்லர். அச்சொல்லைக் கண்டால் நொடியில் படித்து விடுவர். கண் அறிந்திருந்தது, கை மறந்திருந்தது.

அக்கைப்பேசியிலேயே வேறொரு முறையும் உண்டு. கிடை, நெடில், இடச்சாய்வு, புள்ளி, திருப்பம் ஆகிய ஐந்துக்கும் ஐந்து விசைகள். கீற்றுகளை அவற்றின் வரிசையில் தட்டினால் எழுத்து தோன்றும். ஒலிபெயர்ப்பு பயிலாத முதியோர்க்கு இது பெரிதும் உதவுகிறது. வரிசை மாறினால் வேறெழுத்து வரும், அல்லது ஒன்றும் வராது. யார் பார்க்கப் போகிறார்கள் என்னும் கேள்விக்குப் பொறியும் ஒருவகையில் விடை கூறுகிறது.

ஆயினும் நாம் மருமகனுக்குக் கூறிய மறுமொழி இதுவன்று. முடிந்த எழுத்து அச்சிலும் கல்லிலும் திரையிலும் தானே நிலைத்திருக்கும். அதனைக் காக்க நாம் வேண்டியதில்லை. கீற்று வரிசை எழுத்தின் மேல் தெரிவதில்லை. விதிநூலில் எண்ணிட்டுக் காட்டினாலும் அது கைக்கு வந்து சேர்வதில்லை. அருகில் ஒருவர் அமர்ந்து, இவன் கையைப் பார்த்து, வேண்டுமாயின் பற்றிச் செலுத்தித்தான் தர வேண்டும். இவன் கடைசியில் கைப்பேசியிலேயே எழுதட்டும். ஆனால் ஒருவர் தன் கையை இவ்வளவு பொறுமையோடு பார்த்தார் என்பதை இவன் கை மறவாது. "எண்ணிக்கையைக் குறைப்போம், வரிசையை மட்டும் விட வேண்டாம்" என்றோம். முறையாக எழுதிய மூன்று, முறையின்றி எழுதிய பத்தினும் மேல் என்பது நம் ஆசிரிய வாழ்வு தந்த துணிபு. மருமகன் இசைந்தார். பையன் நேரத்தில் உறங்கச் சென்றான்.

பெய்ஜிங் முதலிய நகரங்களின் பூங்காக்களில் முதியவர்கள் நீண்ட கோலின் நுனியில் பஞ்சு பொருத்திய தூரிகையை நீரில் தோய்த்து, நடைபாதைக் கற்களின்மீது பெரிய எழுத்துகளை எழுதுவர். வெயில் ஏற ஏற முதலில் எழுதியது முதலில் உலரும். சிறிது நேரத்தில் எழுதியதற்கான சுவடே இராது. எதற்காக எழுதுகின்றனர் என்று அயலவர் வியப்பர். எழுதிய பலகையைக் கழுவிக் கழுவி மறுபாடம் எழுதிய மதரஸா மாணவர்க்கு அது வியப்பாகாது. எழுத்து பலகையில் இருக்க வேண்டிய தேவையில்லை. கையிலும் நெஞ்சிலும் இருந்தால் போதும்.

சீனத்து முஸ்லிம்களிடையே வேறொரு எழுத்து வழக்கும் இருந்தது. சீன எழுத்துகளைக் கற்க வாய்ப்பின்றி மதரஸாக்களில் அரபு எழுத்தை மட்டும் கற்றவர்கள், தாம் பேசிய சீன மொழியையே அரபு எழுத்தால் எழுதினர். 'ஷியாவ்அர்ஜிங்' என்று அதற்குப் பெயர். குறிப்புகளும் கடிதங்களும் அவ்வெழுத்தில் எழுதப்பட்டன. சீன எழுத்துக் கல்வி பரவிய பின்னர் அது பெரிதும் அருகிவிட்டது. இச்செய்தியைப் படித்தபோது, வாசகர்களாகிய நீங்கள் எதனை நினைப்பீர்களோ அதனையே நாமும் நினைத்தோம். நம் அரபுத் தமிழுக்கும் இதுவே அல்லவா நேர்ந்தது? அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கும் எழுத்தில் புள்ளியைக் கூட்டி நம் முன்னோர் எழுத்துகளை அமைத்தனர். மார்க்க நூல்கள் மட்டுமா அவ்வெழுத்தில் வந்தன? கடல் கடந்து சென்ற கணவர்க்கு நம் பெண்மக்கள் எழுதிய கடிதங்களும், வீட்டு வரவு செலவும், மருந்துக் குறிப்பும் அவ்வெழுத்திலேயே இருந்தன.

நம் பாட்டியார் கைப்பட எழுதிய அத்தகைய குறிப்பேடு ஒன்று நம்மிடம் உண்டு. அதனைப் படிக்க இன்று நம் குடும்பத்தில் நம்மையன்றி எவருமில்லை. மக்தபில் 'அலிஃப் பே' முடித்த பேரனுக்கு எழுத்துகள் தெரியும், தமிழும் தெரியும், இரண்டையும் இணைக்கும் கை மட்டுமே வேண்டும். ஆகவே சீனப் பாடம் முடிந்ததும் அரைநாழிகை நேரம் அதற்கென ஒதுக்கினோம். கூடுதல் புள்ளியை எப்போது வைப்பது என்று அவனாகவே வினவினான். உடலெழுத்து முடிந்த பிறகு என்றதும், "சீனப் பாடத்தில் மாதிரியே!" என்று மகிழ்ந்தான். இதுவரை நான்கு பக்கங்களைப் படியெடுத்திருக்கிறான். அவற்றுள் ஒன்று, பிள்ளைகளுக்கு இருமல் கண்டால் கொடுக்கும் கசாயத்தின் குறிப்பு. தன் பாட்டனாரின் பாட்டி எந்த அளவில் மிளகு சேர்த்தார் என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

நம் வாசகக் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய ஏடுகள் பெட்டிகளில் உறங்குகின்றன என்பதை அறிவோம். அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் வீட்டில் இருப்பின், அவரருகே ஒரு பிள்ளையை அமர்த்துங்கள். முழு நூல் வேண்டாம். ஒரு பக்கம் போதும். அவர் எழுதிக் காட்டட்டும். பிள்ளை அந்தக் கையைப் பார்க்கட்டும். பிறகு பிள்ளை எழுதட்டும், அவர் பார்க்கட்டும். ஏட்டை எத்தனை படி வேண்டுமாயினும் எடுத்து வைத்துக் கொள்ளலாம். படிக்கும் கையைப் படியெடுக்க, அந்த முதியவர் நம்மோடு இருக்கும் காலம் ஒன்றுதான் உண்டு.